செல்ஃப் எடுக்காத பழைய வண்டி: ஒட்டுப் போடுவதா, செட் மாற்றுவதா, கையால் கட்டுவதா?

செக்கானூரணியில் கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். வண்டி வயரிங் என் தொழில் இல்லை, ஞாயிற்றுக்கிழமை வேலை. முதலில் என் வண்டி, பிறகு மச்சான் வண்டி, அப்புறம் தெரிந்தவர் தெரியாதவர் வண்டி என்று வளர்ந்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்தால் பட்டறை வாசலில் பதினைந்து இருபது வயதான பைக் ஒன்றாவது நிற்கும். போன முறை வந்தவர் உசிலம்பட்டிப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர். பட்டனை அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

"அண்ணே, மெக்கானிக் வயரிங் செட்டையே மாத்தணும்ங்கிறாரு. எலக்ட்ரீஷியன் எல்லாத்தையும் பிச்சுட்டுப் புதுசா கட்டிருவோம்ங்கிறாரு. வீட்ல வண்டியவே தள்ளிவிடச் சொல்றாங்க. நான் யார் பேச்சக் கேக்குறது?"

இதே கேள்வியைப் பல பேர் கேட்டுவிட்டார்கள். ஆளுக்கு ஆள் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில்: வண்டியில் இருப்பது மூன்று வயரிங்

மெக்கானிக்கும் எலக்ட்ரீஷியனும் 'வயரிங்' என்று மொத்தமாகச் சொல்கிறார்கள். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒரே கட்டாகச் சுற்றியிருந்தாலும் உள்ளே மூன்று பாதைகள் இருக்கின்றன.

ஒன்று, தடித்த பாதை. பேட்டரி பிளஸ்ஸில் கிளம்பி, செல்ஃப் ரிலேயின் (பட்டனை அழுத்தினால் பெரிய கரண்ட்டை இணைத்துவிடும் ஸ்விட்ச்) இரண்டு போல்ட்டுகளைத் தாண்டி, செல்ஃப் மோட்டாருக்குப் போய், இன்ஜின் உடம்பு வழியாக எர்த் கேபிளில் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும். இரண்டு, இக்னிஷன் பாதை. சாவி, கில் ஸ்விட்ச், சிடிஐ (பொறிக்கான கரண்ட்டை நேரம் பார்த்து விடும் பெட்டி), பல்சர் காயில் (அந்த நேரத்தைச் சிடிஐக்குச் சொல்வது), எச்.டி காயில் (வோல்ட்டைப் பல மடங்கு ஏற்றிப் பிளக்குக்கு அனுப்புவது), பிளக். மூன்றாவது மிச்சமெல்லாம்: ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹாரன், பிரேக் லைட், சார்ஜிங்.

என் கட்சி இதுதான்: மூன்றுக்கும் ஒரே முடிவு எடுக்காதீர்கள். தடித்த பாதைக்குச் சரியாக வரும் வைத்தியம் இக்னிஷனுக்குப் பொருந்தாது. விளக்குக்குப் போதுமானது செல்ஃபுக்குப் போதாது. செட் மாற்றச் சொன்ன மெக்கானிக்கும் பொய் சொல்லவில்லை, கட்டலாம் என்ற எலக்ட்ரீஷியனும் பொய் சொல்லவில்லை. இருவரும் வேறு வேறு பாதையை மனதில் வைத்துப் பேசுகிறார்கள்.

எதை வைத்து முடிவு செய்வது

நான் ஐந்து விஷயம் பார்ப்பேன். தடித்த பாதையில் எத்தனை வோல்ட் தொலைகிறது. நம் ஊர் வெயில், மழை, எலி மூன்றையும் எத்தனை வருடம் தாங்கும். ராத்திரி நடுவழியில் நின்றால் முன்பின் தெரியாத மெக்கானிக் கண்டுபிடித்துவிடுவாரா. ஷார்ட் ஆனால் பியூஸ் போகுமா, வண்டி போகுமா. கடைசியாகக் காசும் நாளும். காசைக் கடைசியில் வைத்தது வேண்டுமென்றுதான். முதல் நான்கில் தோற்ற வேலைக்கு இரண்டாம் தடவையும் காசு கொடுக்க வேண்டியிருக்கும்.

முதல் விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான வண்டிக்கு விடை அதிலேயே கிடைத்துவிடும்.

தோட்டத்துக் கடைசியில் இருக்கும் கிணற்றுக்கு மெல்லிய கேபிளை இழுத்துவிட்டு, "மோட்டார் உறுமுது, தண்ணி ஏத்த மாட்டேங்குது" என்று மோட்டாரைக் கழற்றிக்கொண்டு வருவார்கள். காயிலைப் பிரித்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. வரும் வழியிலேயே வோல்ட் தேய்ந்துபோய், மோட்டாருக்கு அரை வயிற்றுக் கஞ்சிதான் போய்ச் சேர்ந்திருக்கும். செல்ஃப் மோட்டார் கதையும் அதேதான், தூரம் மட்டும் மூன்றடி. சின்ன வண்டியின் செல்ஃபே பல பத்து ஆம்பியர் இழுக்கும். புல்லட் மாதிரி பெரிய ஒற்றை சிலிண்டர் என்றால் முதல் உந்தலுக்கு நூறைத் தாண்டும். கேபிள் முனையை போல்ட்டில் மாட்டும் லக்கில் துரு ஏறி 0.02 ஓம் தடை வந்துவிட்டது என்று வையுங்கள். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். 100 ஆம்பியர் ஓடும்போது அதே தடை 2 வோல்ட்டை விழுங்கி, 200 வாட் சூடாக அந்த லக்கிலேயே இறக்கிவிடும். செல்ஃப் அடித்தவுடன் ரிலே போல்ட்டைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் திருடன் அங்கே இருக்கிறான்.

'மீட்டர்ல பீப் அடிக்குதே, ஒயர் நல்லாத்தான் இருக்கு' என்பார்கள். கேபிளில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் பீப் அடிக்கும். சுமை ஓடும்போது பார்க்க வேண்டும். வழி சுலபம்:

மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். இரவு முழுக்கச் சும்மா நின்ற வண்டியில் பேட்டரி 12.6-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். செல்ஃப் அழுத்தும்போது பேட்டரி முனையில் 10-க்கு மேல் நின்றால் நல்லது. 9.6-க்கும் கீழே விழுந்தால் முதலில் பேட்டரியை, அது சரியென்றால் மோட்டாரைப் பாருங்கள், வயரிங் பேச்சே வேண்டாம். அடுத்து, மீட்டரின் ஒரு முனை பேட்டரி பிளஸ்ஸில், இன்னொன்று செல்ஃப் மோட்டாரின் போல்ட்டில். பட்டனை அழுத்தாதபோது 12 காட்டும், பயப்பட வேண்டாம். அழுத்தும்போது காட்டுவதுதான் கணக்கு. அரை வோல்ட்டுக்குள் இருந்தால் பிளஸ் பக்கம் சுத்தம். ஒன்றைத் தாண்டினால் ரிலேயோ லக்கோ கேபிளோ போய்விட்டது. அதே மாதிரி பேட்டரி மைனஸுக்கும் இன்ஜின் பாடிக்கும் நடுவே வைத்து அழுத்துங்கள். 0.2, 0.3-க்கு மேல் போனால் எர்த் போல்ட்டுக்கு அடியில் பெயிண்டோ துருவோ இருக்கிறது.

ஆசிரியரின் வண்டியில் எர்த் பக்கத்திலேயே 1.8 வோல்ட் காட்டியது. யாரோ சேஸிஸுக்குப் பெயிண்ட் அடித்தபோது எர்த் லக்குக்கு அடியிலும் சேர்த்து அடித்திருக்கிறார்கள். உப்புத்தாளால் தேய்த்து போல்ட்டை முறுக்கியதும் செல்ஃப் எடுத்தது. 'டிக்' சத்தத்துக்காக அதற்கு முன் இரண்டு ரிலே வாங்கிப் போட்டிருக்கிறார், பாவம்.

இக்னிஷன் பக்கம் ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும்

உங்கள் வண்டி ஏசி சிடிஐயா, டிசி சிடிஐயா என்று தெரியாமல் முடிவெடுக்காதீர்கள். ஏசி சிடிஐ தீப்பொறிக்கான கரண்ட்டை, இன்ஜின் சுற்றும்போது கரண்ட் உண்டாக்கும் மேக்னட் காயிலிலிருந்து நேரே எடுத்துக்கொள்ளும். பேட்டரி செத்திருந்தாலும் கிக்கில் வண்டி எடுக்கும். இதில் வண்டியை நிறுத்துவது எப்படியென்றால், சாவியை ஆஃப் செய்ததும் ஒரு ஒயர் எர்த்தில் தொடும், பொறி நின்றுவிடும். ஆக அந்த ஒயர் எங்காவது உரசி எர்த் ஆகிவிட்டால், சாவி ஆனில் இருந்தாலும் வண்டி எடுக்காது. சிடிஐ கப்ளரிலிருந்து (ஒயர்களைச் சேர்த்துச் செருகும் பிளாஸ்டிக் இணைப்பு) அந்த ஒயரைக் கழற்றிவிட்டு உதைத்துப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

டிசியில் எல்லாம் தலைகீழ். சாவியும் கில் ஸ்விட்ச்சும் தாண்டி 12 வோல்ட் வந்தால்தான் பொறி. உரசினால் பியூஸ் போகும், அறுந்தால் வண்டி நிற்கும். இன்னொரு வினோதமும் உண்டு. இன்ஜின் கறகறவென்று சுற்றும், எடுக்காது. பட்டனிலிருந்து கையை எடுக்கும் அந்த நொடியில் சட்டென்று ஸ்டார்ட் ஆகும். செல்ஃப் சுற்றும்போது வோல்ட் விழுந்து சிடிஐக்குப் பற்றாமல் போகிறது, கையை எடுத்ததும் வோல்ட் மேலே வருகிறது, இன்ஜின் மிச்ச வேகத்தில் பிடித்துக்கொள்கிறது. இதைப் பார்த்துவிட்டு கார்புரேட்டரைப் பிரித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கோளாறு தடித்த பாதையிலோ பேட்டரியிலோதான் இருக்கும்.

சரி, இப்போது வழிகளுக்கு வருவோம்.

1. கெட்ட இடத்தில் மட்டும் ஒட்டுப் போடுவது

எப்போது நல்லது: ஒயரின் மேல்தோல் இன்னும் மெத்தென்று வளைகிறது, கோளாறு ஒரே இடத்தில் இருக்கிறது, இதற்கு முன் பெரிதாக யாரும் கை வைக்கவில்லை. இந்த மூன்றும் சரியாக இருந்தால் வேறு எதையும் யோசிக்காதீர்கள். பழைய கம்பெனி ஒயரின் செம்பு, இப்போது கடையில் கிடைக்கும் பலதைவிட மேல்.

கை வைக்க வேண்டிய இடங்கள் எல்லா வண்டியிலும் அநேகமாக ஒன்றுதான். ஹேண்டில்பார் திரும்பும் கழுத்து: அங்கே தோல் முழுசாக இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். ஹேண்டிலை இடது ஓரம் திருப்பினால் ஆஃப், நேரே வைத்தால் ஆன் என்றால் அதுதான். ஹெட்லைட் டூமுக்குள் இருக்கும் கப்ளர்கள், சீட்டுக்கு அடியில் ரிலே லக்குகள், எர்த் போல்ட், செல்ஃப் ஸ்விட்ச்சின் செம்புத் தகடு. கிளட்ச்சைப் பிடித்தால்தான் செல்ஃப் எடுக்கும் வண்டிகளில் கிளட்ச் லீவருக்குள் இருக்கும் அந்தச் சுண்டைக்காய் அளவு ஸ்விட்ச்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது செத்தால் ஊரில் உள்ள எல்லாப் பழியும் ரிலே மேல் விழும்.

மறைந்திருக்கும் செலவு மூன்றாவது ஒட்டில் தெரியும். ஒயரை ஒரு அங்குலம் உரித்துப் பாருங்கள். செம்பு பளிச்சென்று இருந்தால் ஒட்டலாம். கறுத்திருந்தால் இன்னும் இரண்டு அங்குலம் உரியுங்கள். அங்கேயும் கறுப்பு என்றால் அந்த ஒயர் உள்ளுக்குள் முழுக்க அரித்திருக்கிறது; ஈயமும் பிடிக்காது, லக்கும் நிற்காது. அதற்கு மேல் ஒட்டுவது உளுத்த உத்தரத்துக்கு முட்டுக்கொடுக்கும் வேலைதான்.

முறுக்கி டேப் சுற்றுவதை ஒட்டு என்று நான் கணக்கில் எடுப்பதில்லை. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் டேங்குக்கு அடியில் இருக்கும் கறுப்பு டேப்பின் பசை உருகி வழியும், ஆடியில் தூசி ஒட்டும், ஐப்பசியில் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். லக்கை இடுக்கியில் நசுக்கி, மேலே சூட்டுக்குச் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். ஈயம் வைப்பதில் கெட்டிக்காரர் என்றால் வைக்கலாம், ஆனால் ஈயம் ஊறிய இடம் கம்பி போல விறைத்து, அதன் ஓரத்தில் அதிர்வுக்கு ஒடியும். ஆடாத இடத்தில் மட்டும் ஈயம் என்பது என் வழக்கம்.

2. ரெடிமேட் வயரிங் செட் வாங்கி மாற்றுவது

எப்போது நல்லது: எலி கடித்தது, வெள்ளத்தில் மூழ்கியது, பலர் கைபட்டு ஒட்டுமேல் ஒட்டு ஏறியது, அதோடு உங்கள் மாடலின் செட் இன்னும் கடையில் கிடைக்கிறது. வாடிப்பட்டிப் பக்கம் நெல் மூட்டை அடுக்கிய திண்ணையில் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு எலி ஒன்றே போதும். ஒரு ராத்திரியில் பத்து ஒயரைக் கடித்திருக்கும், எதுவும் முழுசாக அறுந்திருக்காது, எதையும் நம்பவும் முடியாது. அங்கே ஒட்டிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

இதன் பெரிய பலம் நிறம். ஹோண்டா வழி வந்த வண்டிகளில் பச்சை எர்த், சிவப்பு பேட்டரி, கறுப்பு சாவி போட்ட பின் வரும் 12 வோல்ட். யமஹாவில் கறுப்புதான் எர்த், பழுப்பு சாவிக்குப் பின். மெக்கானிக்குகள் கண்ணை மூடிக்கொண்டு இந்த நிறங்களை நம்பித்தான் வேலை செய்கிறார்கள். நாளைக்கு நத்தத்தில் நின்றாலும் போடியில் நின்றாலும் அங்கிருக்கும் ஒருவருக்குப் புரியும்.

ஆனால் கேட்காமல் சொல்ல மாட்டார்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். பல செட்டுகளில் பேட்டரி கேபிள், செல்ஃப் கேபிள், ரிலே மூன்றும் வராது. ஹேண்டில் ஸ்விட்ச்சும் வராது. அதாவது செல்ஃப் எடுக்கவில்லை என்று செட் மாற்றினால், செல்ஃபுக்கு வேண்டிய தடித்த பாதை அப்படியே பழசாக இருக்கும்! ஆசிரியர் செட் வாங்கியிருந்தால் இதுதான் நடந்திருக்கும். புது ஒயரிங்கும் பழைய 'டிக்'கும்.

இரண்டாவது, மாடல் பெயர் ஒன்றாக இருந்தாலும் கிக் வண்டிக்கும் செல்ஃப் வண்டிக்கும், ஏசிக்கும் டிசிக்கும் கப்ளர் வேறு. பழைய செட்டைக் கழற்றிப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய், கடைக்காரர் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு கப்ளரின் பின்னையும் எண்ணுங்கள். கடைக்காரர் முகம் சுளிக்கத்தான் செய்வார். மூன்றாவது, டூப்ளிகேட் செட். எடையைக் கையில் தூக்கிப் பார்த்தாலே தெரியும். செம்பு பாதிதான் இருக்கும், கப்ளர் பூட்டு மழைக்காலத்துக்குள் தளர்ந்துவிடும். கம்பெனி செட் விலை அதிகம்தான். நான் வாங்கிய வரைக்கும் இரண்டு மடங்கு கொடுத்திருக்கிறேன், வருத்தப்பட்டதில்லை. கம்பெனி செட் கிடைக்கவில்லை என்றால் டூப்ளிகேட்டுக்குப் போவதைவிட மூன்றாவது வழியைப் பார்ப்பேன்.

கூலியும் ஒரு நாள் கூலி. டேங்க், சீட், சைடு கவர், டூம் எல்லாம் கழற்ற வேண்டும். பழைய பிளாஸ்டிக் காது ஒன்றாவது ஒடியும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

3. கையால் புதிதாகக் கட்டுவது

எனக்குப் பிடித்த வழி இது. அதனாலேயே நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து கேளுங்கள்.

எப்போது நல்லது: செட் சந்தையில் இல்லாத வண்டி, பாதி மாடல் ஒன்று, பாதி மாடல் இன்னொன்று என்று ஆகிவிட்ட வண்டி, அல்லது தடித்த பாதையும் இக்னிஷனும் மட்டும் புதிதாக வேண்டும், விளக்குப் பக்கம் அப்படியே இருக்கட்டும் என்பவர்கள். வேண்டிய இடத்தில் தடிமன் கூட்டலாம். சின்ன வண்டிக்குச் செல்ஃப் கேபிள் 6 முதல் 10 சதுர மில்லி, புல்லட்டுக்கு 16. பியூஸுக்குப் பின் வரும் மெயின் ஒயர் 2.5, இக்னிஷனுக்கு 1, பல்சர் காயிலுக்கு 0.5 போதும். பல்சர் காயில் ஒயரை எச்.டி ஒயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள், பொறி விட்டுவிட்டு விழுந்து மிஸ்ஸிங் வரும். இருபது வருடச் சாவி ஸ்விட்ச்சின் தேய்ந்த தகடு வழியாக மொத்தக் கரண்ட்டையும் ஓட விடாமல், நாலு கால் ரிலே ஒன்றை வைத்து, சாவி அந்த ரிலேயை மட்டும் தட்டுகிற மாதிரி செய்யலாம். இக்னிஷனுக்குத் தனி பியூஸ், விளக்குக்குத் தனி பியூஸ் என்று பிரித்தால், இண்டிகேட்டரில் ஷார்ட் ஆகி நடுராத்திரி வண்டி நிற்கும் வேலையே இருக்காது.

பியூஸ் பற்றி ஒன்று. பல வண்டிகளில் பேட்டரியிலிருந்து செல்ஃபுக்குப் போகும் தடித்த கேபிளில் பியூஸே கிடையாது. அது சேஸிஸ் ஓரத்தில் உரசித் தோல் கிழிந்தால் தடுக்க எதுவும் இல்லை, மேலே பெட்ரோல் டேங்க். கையால் கட்டும்போது அந்தக் கேபிளுக்கு மேல் ரப்பர் குழாய் மாட்டி, இரண்டு இடத்தில் கிளாம்ப் போடுங்கள். இதற்குச் சோம்பல்படுகிறவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

இந்த வழியின் கேடு என்னவென்று என் வண்டியே எனக்குச் சொல்லிக்கொடுத்தது. முதன்முதலில் கட்டியபோது பட்டறையில் சிவப்பு ஒயர் ஒரு ரோல் முழுசாகக் கிடந்தது. சும்மா கிடப்பதை விட்டுவிட்டு ஏன் கடைக்குப் போக வேண்டும் என்று, வண்டி முழுக்க அதையே இழுத்துவிட்டேன். பார்க்க அழகாக இருந்தது, பவழ மாலை மாதிரி. இரண்டு வருடம் ஓடியது. ஒரு மாசி மாத ராத்திரி தேனியிலிருந்து வரும்போது ஆண்டிபட்டி கணவாயில் நின்றுவிட்டது. டார்ச் வெளிச்சத்தில் டூமைக் கழற்றினால் உள்ளே பதினெட்டுச் சிவப்பு ஒயர். கட்டியவன் நான், எதற்கு எது என்று எனக்கே தெரியவில்லை. பக்கத்தில் நின்ற லாரி டிரைவர், "யாருண்ணே இப்படிக் கட்டுனது, அவனக் கூட்டியாந்து காட்டணும்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

அன்றிலிருந்து மூன்று சட்டம். வண்டிக்குக் கம்பெனி கொடுத்த நிறத்தையே தேடி வாங்குவது. கிடைக்காவிட்டால் இரண்டு முனையிலும் எண் எழுதி ஸ்லீவ் போடுவது. படம் வரைந்து பிளாஸ்டிக் உறையில் சீட்டுக்கு அடியில் வைப்பது. வீட்டு ஒயரிங்குக்கு வாங்கிய ஒயரையும் வண்டிக்குப் போடாதீர்கள். அதில் இழைகள் தடிமனாக, எண்ணிக்கை குறைவாக இருக்கும். அதிர்வுக்கு ஒவ்வொன்றாக ஒடியும். ஆட்டோ ஒயர் என்று கேட்டு வாங்குங்கள்.

நாள் கணக்கு: ஒழுங்காகச் செய்தால் இரண்டு நாள், மூன்று நாள். அரை நாளில் முடித்துத் தருகிறேன் என்றால் அவர் கட்டப்போவது சிவப்பு மாலைதான்.

4. செல்ஃபை மறந்து கிக்கில் ஓட்டுவது

இதையும் ஒரு வழியாகச் சொல்லத்தான் வேண்டும். நம் பக்கம் ஓடும் பழைய செல்ஃப் வண்டிகளில் நிறைய வண்டிக்கு இதுதான் நிலைமை. ஏசி சிடிஐ வண்டி, கால் நன்றாக இருக்கிற ஆள், நாளுக்கு நாலைந்து ஸ்டார்ட் என்றால் தாராளமாகச் செய்யலாம். காசு மிச்சம். ஆனால் பட்டனை அழுத்தாமல் விட்டால் மட்டும் போதாது. ரிலேயிலிருந்து செல்ஃப் மோட்டாருக்குப் போகும் தடித்த கேபிளை ரிலே முனையில் கழற்றி, முனைக்கு ஸ்லீவ் போட்டு ஓரமாகக் கட்டிவிடுங்கள். வோல்ட் குறைந்து திணறிய ரிலேக்குள் தகடு ஒட்டிக்கொள்வது உண்டு. அப்படி ஒட்டினால் சாவியை எடுத்த பிறகும் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும், ஸ்பேனரைத் தேடி பேட்டரி ஒயரைக் கழற்றுவதற்குள் புகை வந்துவிடும்.

டிசி சிடிஐ வண்டிக்கு இந்த வழி பாதிதான் உதவும், பேட்டரி நன்றாக இருந்தே ஆக வேண்டும். கிக் லீவரே இல்லாத வண்டிக்குப் பேச்சே இல்லை.

ஸ்க்ரூடிரைவரை ரிலேயின் இரண்டு போல்ட்டிலும் வைத்துத் தட்டி ஸ்டார்ட் செய்கிறவர்கள் ஐந்தாவது ரகம். அது ரிலே போய்விட்டதா என்று பார்க்கும் சோதனை, அன்றாட ஓட்டும் முறை இல்லை. பக்கத்திலேயே பேட்டரி வாயுவும் பெட்ரோல் ட்யூபும் இருக்கின்றன.

பாதைக்குப் பாதை என் தேர்வு

| பாதை | ஒட்டு போதும் | முழுக்க மாற்ற வேண்டும் | எந்த வழியில் |
|---|---|---|---|
| தடித்த பாதை | எர்த் போல்ட், லக்கு துரு மட்டும் | கேபிள் விறைத்திருந்தால், சுமையில் 1 வோல்ட்டுக்கு மேல் தொலைந்தால் | கையால், ரிலேயும் சேர்த்து |
| இக்னிஷன் | ஒரே இடத்தில் அறுந்திருந்தால் | செம்பு உள்ளே கறுத்திருந்தால், சிடிஐ கப்ளர் கருகியிருந்தால் | கம்பெனி செட். கிடைக்காவிட்டால் அதே நிறத்தில் கையால் |
| விளக்கு, ஹாரன் | பெரும்பாலும் போதும் | எலி, தீ, வெள்ளம் | கம்பெனி செட் |
| சார்ஜிங் | கப்ளர் பின் மட்டும் கருகியிருந்தால் | மேக்னட் காயில் ஒயர் சூட்டில் உடைந்தால் | ஒயரை மட்டும் கையால் |

சார்ஜிங்கைத் தனி வரியாகப் போட்டதற்குக் காரணம் உண்டு. ஆர்.பி.எம் ஏற்றி வைத்துப் பேட்டரி முனையில் 13.5-க்கும் 14.5-க்கும் நடுவே காட்டவில்லை என்றால், மேலே சொன்ன எந்த வழியில் வயரிங் செய்தாலும் ஒரு மாதத்தில் திரும்ப 'டிக்'தான். குறிப்பாக டவுனுக்குள் ஓட்டுகிறவர்கள். கோரிப்பாளையம் சிக்னலில் வண்டியை அணைத்து அணைத்து எடுத்தால், ஒவ்வொரு செல்ஃபுக்கும் செலவானது திரும்ப ஏற நேரமே இருக்காது.

வண்டியைப் பொறுத்து மாறும் இடம்

100, 125 சிசி வண்டிகளுக்கு முழுக்க மாற்ற வேண்டி வந்தால், கம்பெனி செட்டும் தனியாகத் தடித்த கேபிளும் வாங்கிப் போட்டால் முடிந்தது. அதிகம் யோசிக்க வேண்டாம். இரண்டு பிளக் உள்ள பஜாஜ் பல்சர் பைக் வைத்திருப்பவர்கள் இரண்டு எச்.டி காயிலுக்கும் வரும் ஒயரைத் தனித்தனியாகப் பாருங்கள். ஒரு பிளக் செத்தாலும் வண்டி ஓடும், இழுவை மட்டும் குறையும், கோளாறு என்றே தெரியாது.

பழைய இரும்பு சிலிண்டர் புல்லட்டில் செல்ஃப் வந்த மாடல்களுக்கு மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசுவேன். அதில் தடித்த பாதையில் வோல்ட் தொலைந்தால் இன்ஜின் மெதுவாகச் சுற்றும், மெதுவாகச் சுற்றினால் எதிர்ப்பக்கமாக உதைத்துப் பின்னடி அடிக்கும், பின்னடியை வாங்குவது உள்ளே செல்ஃப் மோட்டாரை இன்ஜினோடு ஒரு பக்கச் சுற்றுக்கு மட்டும் கோக்கும் ஸ்ப்ராக் கிளட்ச். அது உடைந்தால் வயரிங் செலவைப் போலப் பல மடங்கு, இன்ஜின் பெட்டியையும் பிரிக்க வேண்டும். அதனால் புல்லட்டில் பேட்டரி தளர்ந்திருக்கும் நாளில் பட்டனைத் தொடாமல் உதைத்தே எடுங்கள். தடித்த பாதையை ஒட்டுப் போட்டு ஓட்டும் யோசனையும் அதற்கு வேண்டாம்.

செல்ஃபே இல்லாத வண்டிக்குப் புதிதாக வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். இன்ஜின் கவரில் மோட்டார் உட்கார இடமும், மேக்னட்டுக்குப் பின்னால் ஒன்வே கிளட்ச்சும் வேண்டும். அது லேத் பட்டறை, இன்ஜின் மெக்கானிக் சமாச்சாரம். வயரிங் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, என்னிடம் வர வேண்டாம்.

ஆசிரியர் வண்டிக்கு என்ன செய்தேன் என்று சொல்லி முடிக்கிறேன். எர்த் பக்கத்தைத் தேய்த்ததோடு விட்டிருக்கலாம். ஆனால் பிளஸ் பக்கமும் 0.9 காட்டியது, கேபிள் வளைத்தால் கறக்கென்றது. தடித்த பாதை முழுவதும் 10 சதுர மில்லியில் புதிதாகப் போட்டேன். இக்னிஷனில் கழுத்துப் பக்கம் கறுப்பு ஒயர் ஒன்றை மட்டும் வெட்டி, கறுப்பிலேயே ஒட்டுப் போட்டேன். விளக்குப் பக்கம் கைவைக்கவில்லை. கேபிள், லக்கு, ஸ்லீவ், ரப்பர் குழாய் எல்லாம் சேர்த்து அறுநூற்றுச் சொச்சம் ஆனது. அவர் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த இரண்டு ரிலேயில் நல்லதை மாட்டிவிட்டு, இன்னொன்றைப் படம் வரைந்த தாளோடு சேர்த்துச் சீட்டுக்கு அடியில் வைத்துக் கொடுத்தேன். வீட்டில் வண்டியைத் தள்ளிவிடச் சொன்னவர் அடுத்த ஞாயிறு அதே வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தார், மிக்ஸி மோட்டாருக்குக் காயில் கட்ட.